தொடப்பம் கொண்டாந்தியா?

2015 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. நெமிலியிலிருந்து காஞ்சிபுரம் போய், அங்கே சென்னை பஸ் பிடித்தேன். காலடியில் ஒரு சாக்கு மூட்டை, நிறையப் பழைய துணி. பக்கத்து சீட்டுக்காரர் கேட்காமலே, "வெள்ளத்துக்கு" என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் எங்கள் பக்கம் சென்னை வெள்ளத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்தை மூடிவிட்டதால் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்தன. செம்பரம்பாக்கம் ஏரியில் நொடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்று டீக்கடையில் ஆளாளுக்குக் கணக்குப் போட்டோம். அந்த ஏரியைத் தாண்டித்தான் பஸ் போனது. எல்லோரோடும் நானும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தேன்.

பெரியம்மா வீடு ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றை ஒட்டி. தெருமுனையில் ஒரு குவியல். வண்டி வண்டியாக யார் யாரோ கொட்டிவிட்டுப் போன பழைய துணி, சேற்றில் மிதிபட்டு ஊறிக் கிடந்தது. என் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

உள்ளே சுவரில் முருகன் காலண்டருக்கும் மேலே சேற்றுக் கோடு. ஃபிரிட்ஜ் மிதந்து போய் வாசலை அடைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தது. பெரியம்மா முழங்கால் வரை சேலையைச் செருகிக்கொண்டு, உடைந்த முறத்தால் சேற்றை வாரிக்கொண்டிருந்தாள். மூட்டையைப் பார்த்தவள் கேட்டது ஒன்றுதான்:

"தொடப்பம் எதனா கொண்டாந்தியாடா?"

அவிழ்த்துக் காட்டக் கூச்சமாக இருந்தது. ஜிப் போன பேண்ட், சாயம் போன நைட்டி, நான் ஒரு நாளும் போட விரும்பாத கல்யாணச் சட்டை. வெள்ளம் வராமல் இருந்திருந்தால் தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கியிருப்பேன். வீட்டுக் கழிவுக்கு நிவாரணம் என்று பெயர் வைத்துத் தூக்கி வந்திருக்கிறேன்.

பெரியம்மா மகள் அக்கா தன் பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள், வெயிலில் காயவைக்க. ஒன்றோடொன்று ஒட்டி, கட்டையாகியிருந்தன. ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் எனக்குப் பன்னிரண்டு வருஷம். ஈரத்தோலைச் சுடுவெயிலில் போட்டால் அப்பளமாக விறைத்துப் போகும். நிழலில், காற்றில்தான் காய வேண்டும். காகிதத்துக்கும் அதுதான் சரி என்று தோன்றியது. "வெயில் வேணாங்க்கா, பிரிக்கவும் அவசரப்படாத" என்று தடுத்தேன்.

என் மூட்டையிலிருந்த பருத்தித் துணிகளைக் கிழித்தேன். தாள்களை ஒற்றி ஈரம் எடுத்து, தானாக விட்டுக்கொடுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஃபேன் இல்லாத அந்த வீட்டில் அட்டையால் விசிறினோம். பிளஸ் டூ மார்க் ஷீட் கடைசியாகத்தான் வந்தது. மை கலங்கியிருந்தாலும் எண்கள் தெரிந்தன. மிச்சத் துணியில் தரை துடைத்தோம். நான் கொண்டுபோனது துணியாக யாருக்கும் உதவவில்லை, கந்தலாக உதவியது.

மறுநாளும் தங்கிச் சேறு வாரினேன். தொடப்பம் நாலு கடை ஏறி இறங்கித்தான் கிடைத்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முக்கியபோது, கிளம்பும் முன் போன் போட்டேன்.

"இன்னா வேணும் பெரியம்மா?"

"மெழுகுவத்தி, கொசுவத்தி, நாலு கேன் தண்ணி. துணி மட்டும் வேணாம்டா, சாமி."