குரல் எங்கே போயிற்று?

கட்டாரில் மாலை 6 மணி என்றால் கல்முனையில் இரவு 8.30. வேலை முடிந்து மகன் அழைக்கிறான். உம்மாவின் குரல் அவனுக்குக் கேட்கிறது. அவன் குரல் இங்கே வருவதில்லை. பிள்ளை மனம் நொந்து பேசாமலிருக்கிறானோ என்று அவள் கலங்குகிறாள். மகனை ஐயுறுமுன் கைத்தொலைபேசியை ஐயுறுவது நன்று.

நம் கடற்கரையின் உப்பீரமும், மருதமுனைத் தறிவீடுகளின் பஞ்சுத் துகளும் 3.5 மில்லிமீற்றர் துளைக்குள் அடைந்தால், ஹெட்போன் மாட்டியிருப்பதாகவே கருவி சில வேளை எண்ணிக்கொண்டு ஒலியை அங்கே அனுப்பிவிடும். அடுத்த அறையில் தம்பியின் புளூடூத் கருவி அழைப்பைக் கவர்ந்துகொள்வதும் உண்டு. இக்களவை நாம் பல வீடுகளிற் கண்டிருக்கிறோம். புளூடூத்தை அணைத்தாற் போதும்.

நம் குரல் அங்கே கேட்கவில்லையெனின், கதை வேறு. ஹெட்போன் முனையில் நான்கு உலோகப் பகுதிகள் உள்ளன: காதுகளுக்கு இரண்டு, ஒலிவாங்கிக்கு ஒன்று, பொதுவானது ஒன்று. பழைய வகைகள் சிலவற்றில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோற் கேட்கும் ஒலி, கம்பியிலுள்ள பொத்தானை அழுத்தியதும் தெளிந்தால் நோய் அதுவே.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, குரற்பதிவில் இரண்டு வார்த்தை பேசிக் கேட்போம். தெளிவாயிருந்தால் ஒலிவாங்கி பெரும்பாலும் நலமே. வாட்ஸ்அப்புக்கு அதனைப் பயன்படுத்தும் அனுமதி உண்டா என்று பார்க்கவேண்டும். மங்கலாயிருந்தால் கீழ்த்துளையை உலர்ந்த மென்தூரிகையால் துடைக்கலாம். ஊசி மட்டும் வேண்டாம். உள்ளே இருப்பது செவிப்பறை போன்றதொரு மெல்லிய சவ்வு.