தயிர், தும்மல், ஒரு பஞ்சாயத்து

வயித்துக்குள்ள போற பாக்டீரியா மூக்குல வர்ற தும்மலை நிறுத்துமா மக்களே? எங்க வீட்ல ஒரு வாரமா இதான் பஞ்சாயத்து.

திருவண்ணாமலைல கார்த்திகை வந்தா பனி, கற்பூரப் புகை, கிரிவலப் பாதைப் புழுதி எல்லாம் சேர்ந்து அப்பாவைப் பாடாய்ப் படுத்தும். டாக்டர் அலர்ஜின்னு சொல்லி, மூக்குல அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்திருக்கார். இப்ப யாரோ சொன்னாங்கன்னு அப்பா புரோபயாடிக் மாத்திரை வாங்கிட்டு வந்து, "இனிமே ஸ்ப்ரே வேண்டாம்டா"ங்கறார். அம்மாவோ, "தயிரே சளிக்கு ஆகாது, இதுல மாத்திரை வேறயா?"ங்கறாங்க. பொட்டி தட்டற புள்ளைங்கறதால தீர்ப்பு சொல்ற வேலை எனக்கு :-)

தேடிப் படிச்சதுல யோசனை அபத்தமில்லைன்னு தெரிஞ்சுது. அலர்ஜின்னா, தூசியையும் மகரந்தத்தையும் உடம்பு எதிரின்னு நினைச்சு ஐஜிஇ-ங்கற ஆன்டிபாடியை ஏவி விடறது. எது எதிரி, எது இல்லைன்னு உடம்பைப் பழக்கறதுல குடல் பாக்டீரியாவுக்கும் பங்கு இருக்கு.

2015-ல 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. 17-ல ஏதோ ஒரு வகையில பலன் தெரிஞ்சுது. ஆனா ஐஜிஇ அளவுல சொல்லிக்கிற மாதிரி மாற்றம் இல்லை. 2017-ல புளோரிடா பல்கலைக்கழகம் 173 பேரைச் சேர்த்து 8 வார ஆய்வு நடத்துச்சு. மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு அலர்ஜியால வர்ற அன்றாடத் தொல்லை குறைஞ்சுது. அவங்க எல்லாருக்கும் லேசான அலர்ஜிதான்கறதையும் கவனிக்கணும். கொடுத்ததும் குறிப்பிட்ட மூணு ரக பாக்டீரியா. அந்தப் பலன் கடையில கிடைக்கிற எல்லா மாத்திரைக்கும், நம்ம வீட்டு உறைமோருக்கும் பொருந்தாது.

பழைய சோறும் அப்படித்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவமனை அதை ஆராய்ச்சிக்கு எடுத்தது குடல் நோய்க்காக, மூக்குக்காக இல்லை.

எனக்கு பயமெல்லாம் வேற. மூக்கு அலர்ஜி இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்தே வரும். தாத்தா இழுப்போட பட்ட பாட்டை சின்ன வயசுல பார்த்திருக்கேன். போன பனிக்கு அப்பா தூங்கும்போதும் லேசா அந்த சத்தம் கேட்டுது.

அதனால தீர்ப்பு இதான்: மாத்திரை வேணும்னா டாக்டரைக் கேட்டுட்டு கூடுதலா போடலாம், ஸ்ப்ரேக்கு பதிலா கூடாது. ஸ்ப்ரே நாள் தவறாம அடிச்சாத்தான் மூக்கு வீக்கம் அடங்கும். அம்மாவுக்கு: தயிர் சளி பிடிக்க வைக்கும்ங்கறதுக்கு வலுவான ஆதாரம் இல்லை. (இதை மட்டும் அவங்க ஏத்துக்கல.)

உங்க வீட்லயும் யாராவது மாத்திரையை நம்பி ஸ்ப்ரேயைத் தூக்கிப் போடப் பார்த்தா, கொஞ்சம் தடுத்து நிறுத்துங்க.