தார் தீரும் நேரம்

தறி ஓடும்போது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. காதில் விழாமல் இல்லை. கை, கால், கண் மூன்றும் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருக்கும். வாயைத் திறந்தால் தாளம் தப்பும். குறுக்கு நூலை ஏந்தி ஓடும் நாடாவுக்குள் இருக்கும் தார் தீர்ந்தால்தான் தறி நிற்கும். வெறும் குச்சியைக் கூடையில் போட்டு, நூல் சுற்றிய புதுத் தாரை மாட்டி, நுனியை நாடாவின் கண்ணில் கோத்து இழுக்கிற அந்தச் சில விநாடிகளில்தான் பெரியவர் எனக்குப் பதில் சொன்னார். சென்னிமலையில் அந்த நெசவாளர் வீட்டில் நான் இருந்த பகல் முழுக்க எங்கள் பேச்சு இப்படித் துண்டு துண்டாகவே நடந்தது.

போன காரணத்தைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து பெருந்துறை சிப்காட்டுக்கு வேலை மாற்றலாகி வந்த உறவுக்காரப் பையன் ஒருவன், "ஞாயித்துக்கிழமையானா இங்க பார்க்க என்ன மாமா இருக்கு?" என்று கேட்டான். கோவைக்கும் சேலத்துக்கும் போகிற நெடுஞ்சாலையில் பஸ் நின்று கிளம்பும் ஊர் என்பதற்கு மேல் அவனுக்குப் பெருந்துறை பிடிபடவில்லை. கொப்பரை ஏலம் நடக்கும் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தைச் சொன்னேன். காய்ந்த காற்றுக்காகவே அந்தக் காலத்தில் காசநோய் மருத்துவமனை கட்டிய ஊர் இது என்று சொன்னேன். விஜயமங்கலம் சமணக் கோயிலைச் சொன்னேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கட்டிலில் கிடந்த போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தான். அது சென்னிமலைப் போர்வை. என் கல்யாணத்துக்கு வந்த சீரில் ஒன்று. சாயம் மங்கியிருக்கிறது, கிழியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மறுநாள் காலை இரண்டு பேரும் ஈங்கூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம்.

சென்னிமலை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலைமேல் இருக்கும் முருகன். 1320 படி. கந்தசஷ்டி கவசம் அரங்கேறிய இடம் என்று பக்தர்கள் போற்றும் கோயில். படியேறி இறங்கி வந்தவர்கள் அடிவாரத்துக் கடையில் ஒரு துண்டோ பெட்ஷீட்டோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்தத் துண்டு நெய்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கும். அந்தத் தெருவுக்குள் போகிறவர் குறைவு.

நாங்கள் போனோம். நெசவாளர் வீட்டைத் தேட வேண்டியதில்லை. சத்தம் கூட்டிக்கொண்டு போகும். விசைத்தறிச் சத்தம் ஒரே இரைச்சலாக, மூச்சு விடாமல் வரும். கைத்தறிச் சத்தத்தில் மூச்சு இருக்கும். சடக், சடக் என்று ஓடி, நின்று, மறுபடி தொடங்கும். அந்த நிற்கிற இடங்கள் ஒவ்வொன்றும் தார் மாற்றுகிற நேரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஏனுங்க, எந்தூருங்க? உள்ள வாங்க" என்று அழைத்தது அந்த வீட்டு அம்மா. வாசல் திண்ணையில் ராட்டையை வைத்துக்கொண்டு தார் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு, பெரியவர் தறியில் உட்கார்ந்திருந்தார். குழித்தறிக்குக் குழி எதற்கு என்று பையன் கேட்டான். ஒரு தார் தீரும் வரை காத்திருந்தோம்.

"காலுக்கு மிதி போட எடம் வேணுமல்லங்க. அப்புறம், மண்ணு ஈரம் மேல வரும். இந்த ஊரு காத்து காஞ்ச காத்து. நூலு ஈரம் பாத்தாத்தான் அறுவாது." சொல்லி முடித்ததும் நாடா மறுபடி பறந்தது.

அந்த நாடாவுக்கும் ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் நாடாவை ஒரு கையால் தள்ளி மறு கையால் வாங்குவார்கள். கைக்கு எட்டுகிற அகலம்தான் துணியின் அகலம். அதற்கு மேல் வேண்டுமென்றால் தறிக்கு இரண்டு ஆள் உட்கார வேண்டும். கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் நாடா தானே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடும் ஏற்பாட்டுக்கு 1733இல் உரிமம் வாங்கியவர் ஜான் கே. இங்கிலாந்தின் லங்காஷயரில் பரி என்ற சந்தை ஊர்ப் பக்கத்துக்காரர். கம்பளி நெசவுக்காக அவர் செய்தது, இன்றைக்குச் சென்னிமலையில் பெரியவரின் வலது கையில் ஒரு கயிறாகத் தொங்குகிறது. தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. துளை போட்ட அட்டைகள் மாலையாகக் கோத்துத் தொங்குகின்றன. கரையில் வரும் பூ அந்தத் துளைகளில் இருக்கிறது. அந்தப் பெட்டி ஏற்பாடு பிரான்சிலிருந்து வந்தது. நூலும் கையும் இந்த மண்ணுடையவை.

எத்தனை காலமாக இந்த மண்ணுடையவை? சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் அதுதான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. மணிக்கல் பட்டறைகளுக்கும் இரும்பு உலைகளுக்கும் பேர்போன அந்த அகழாய்வில் சுடுமண் தக்களிகளும் கிடைத்தன. நடுவில் இரும்புக் கம்பி கோத்த தக்களி. சங்க காலத்தில் இதே வட்டாரத்தில் யாரோ உட்கார்ந்து பஞ்சை நூலாகத் திரித்திருக்கிறார்கள். யவனர் விரும்பிய மணிகளைப் பற்றி எழுதியவர்கள் பலர். அந்தத் தக்களியைப் பற்றி யாராவது நாலு பக்கம் எழுதினால் நன்றாயிருக்கும்.

இதே சென்னிமலையில், நெசவாளர் வீட்டில், 1904இல் பிறந்தவர்தான் குமரன். 1932 ஜனவரியில் திருப்பூரில் போலீஸ் தடியடியில் விழுந்து, கையில் இருந்த கொடியை விடாமல் உயிர் விட்டவர். அவரைத் திருப்பூர் குமரன் என்றே நாடு அறியும். சென்னிமலைக்காரர்கள் அதைச் சொல்லும்போது, "பொறந்தது இங்கங்க" என்று கட்டாயம் சேர்த்துக்கொள்கிறார்கள். பெரியவரும் சேர்த்துக்கொண்டார்.

நான் பெரியவரைப் பார்க்கப் போய், கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தார் மூன்று நான்கு நிமிடம் ஓடும். அது தீர்வதற்குள் அடுத்தது கூடையில் இருக்க வேண்டும். ஒரு போர்வைக்குப் பத்துப் பதினைந்து தார். நாளுக்கு நாலு போர்வை இறங்கினால் நாற்பதிலிருந்து அறுபது தார். நூல் சிட்டத்தைப் பரிவட்டம் என்ற சுழல் சட்டத்தில் மாட்டி, இடது விரல்களுக்கு நடுவே நூலை விட்டு, வலது கையால் ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார். சோறு வெந்துவிட்டதா என்று எழுந்து பார்த்தால் ஒரு தார் தாமதம். பால்காரருக்குக் காசு கொடுக்கப் போனால் இன்னொன்று. தறி நின்றால் உள்ளேயிருந்து குரல் வரவில்லை. சத்தம் வராததே குரலாக இருந்தது. அவர் ஓடி வந்து உட்கார்ந்தார்.

"பக்கத்து வீட்ல ராட்டைக்கு மோட்டாரு வெச்சுட்டாங்க கண்ணு. நமக்கு இதே பழகிப்போச்சு."

பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள், தீர்ந்தால் இன்னொரு வேலை. பழைய பாவின் கடைசி இழைகளை அறுக்காமல் தறியிலேயே விட்டிருப்பார்கள். புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய இழை ஒவ்வொன்றோடும் சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்குவார்கள், வழுக்காது. 60 அங்குல அகலம், அங்குலத்துக்கு 36 இழை என்றால் 2160 முறுக்கு. ஒன்று விட்டுப் போனால் துணி நெடுக ஒரு கோடு விழும். அந்த வீட்டில் பாவு பிணைப்பதும் அந்த அம்மாதான். மகளுக்கும் தெரியும். "என்ர பொண்ணு என்னைய விட வெரசாப் பிணைப்பா. ஆனா அவ பனியன் கம்பெனிக்குப் போறா. அங்க வாரமானா சம்பளம்."

இந்த இடத்தில் கூலியைப் பற்றிக் கேட்டேன். கூலி போர்வைக் கணக்கு. நெய்து கொடுத்த போர்வை எத்தனையோ அத்தனைக்குக் கூலி. தார் சுற்றியதற்கும் பாவு பிணைத்ததற்கும் சேர்த்துத்தான் அது என்றார் பெரியவர். பாஸ் புத்தகத்தைக் காட்டினார். அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது.

2019-20இல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொல்கிறது. அதில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் துணை வேலை செய்பவர்கள்: பாவு ஓட்டுவது, தார் சுற்றுவது, சாயம் போடுவது. மொத்தத்தில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். அந்த அறிக்கையில் அந்த அம்மாவுக்கு இடம் இருக்கிறது. கூலிப் புத்தகத்தில் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் உழைத்து ஒரு போர்வை நெய்தால், அதை ஒருவர் நெய்த போர்வை என்று எழுதுவது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

கைத்தறிக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. சில ரகங்களைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம் என்று 1985இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. விசைத்தறிக்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இன்று அந்தப் பட்டியலில் 11 வகை இருக்கின்றன. படுக்கை விரிப்பு அதில் ஒன்று, பக்கத்துப் பவானியின் ஜமக்காளம் இன்னொன்று. ஆனாலும் விசைத்தறிப் போர்வை சந்தைக்கு வருகிறது, கைத்தறி என்ற பெயரிலேயே வருகிறது. நானே ஏமாந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நெடுஞ்சாலை ஓரக் கடை ஒன்றில் "சென்னிமலைக் கைத்தறி" என்று பலகை பார்த்து இரண்டு போர்வை வாங்கினேன். ஆறு மாதத்தில் நடுவில் நைந்துபோனது. அதைப் பெரியவரிடம் சொன்னபோது, அவர் தார் தீராமலே தறியை நிறுத்தினார். அன்று அவர் அப்படி நிறுத்தியது அந்த ஒரு முறைதான்.

"எங்க பேர வெச்சு விக்கறாங்க. நைஞ்சு போனா கெட்ட பேரும் எங்களுக்குத்தானுங்க."

விசைத்தறிக்காரர் எல்லாரும் பணக்காரர் என்று நான் சொல்லவில்லை. இதே மாவட்டத்தில் நாலு தறி போட்டுக் கடனில் முழுகியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் நெய்வதை விசைத்தறித் துணி என்று சொல்லி விற்கட்டும். அதற்கும் வாங்க ஆள் உண்டு.

போர்வைக்குப் பேர்போன இன்னொரு ஊரைப் பற்றி இங்கே சொல்லத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்கு மேற்கே விட்னி என்று ஒரு சந்தை ஊர். வின்ட்ரஷ் ஆற்றங்கரை. அங்கே நெய்த கம்பளிப் போர்வை கனடா வரைக்கும் போனது. ஹட்சன் பே கம்பெனி அதையும் கொடுத்துத்தான் பழங்குடி மக்களிடம் தோல் வாங்கியது. 1711இல் ஆன் அரசி அந்த ஊர் நெசவாளர் சங்கத்துக்குப் பட்டயம் கொடுத்தார். 1721இல் ஊர் நடுவே ஒரு மண்டபம் கட்டினார்கள். நெய்த போர்வை ஒவ்வொன்றும் அங்கே வந்து எடை பார்த்து, அளந்து, தரம் சொன்ன பிறகுதான் விற்பனைக்குப் போகும். விட்னி என்ற பெயரை மற்றவர்கள் கெடுத்துவிடாதபடி பார்த்துக்கொண்ட மண்டபம் அது. ஊரின் கடைசிப் போர்வை ஆலை 2002இல் மூடிவிட்டது. மண்டபம் இருக்கிறது, பயணிகள் போய்ப் பார்க்கிறார்கள்.

சென்னிமலையில் அப்படி ஒரு மண்டபம் கிடையாது. தறி இருக்கிறது. சென்டெக்ஸ் போன்ற கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. இந்த ஊரில் கைத்தறிக் கூட்டுறவுக்காக உழைத்த எம்.பி. நாச்சிமுத்துவின் பெயரில் ஒரு பொறியியல் கல்லூரி நடக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குச் சென்னிமலைத் தெரு ஒன்றில் ஒரு நாள் பாடம் வைக்கலாம். ராட்டையில் உட்கார்ந்த முதுகு வலிக்காமல் தார் சுற்ற ஒரு நல்ல இருக்கை கண்டுபிடித்தால்கூடப் போதும்.

மதியம் சாப்பிடச் சொன்னார்கள். தறிக்குழி ஓரத்திலேயே இலை போட்டு, அரிசியும் பருப்பும் சேர்ந்த சாதம், நெய், ஊறுகாய். சாப்பாட்டு நேரத்தில் தறி முக்கால் மணி நேரம் நின்றது. அந்த நேரத்தில் பெரியவர் பேசுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துவிட்டார். அம்மா பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி ராட்டைக்குப் போனார். மத்தியானத்துக்கு வேண்டிய தார் அவர் கண்ணயராத அந்த நேரத்தில்தான் சேர்ந்தது.

பையன் ராட்டையைக் கேட்டு வாங்கி இரண்டு தார் சுற்றிப் பார்த்தான். முதல் தாரில் நூல் நடுவில் குவிந்து, நாடாவுக்குள் நுழையவே இல்லை. இரண்டாவதை அம்மா பிரித்து மறுபடி சுற்றிக் கொடுத்தார். "நூலு வீணாகக் கூடாது கண்ணு, எடை போட்டுத்தான் தராங்க" என்றார். நூலை எடை போட்டுக் கொடுத்து, துணியை எடை போட்டு வாங்குகிறார்கள். குறைந்தால் கேள்வி வரும்.

சாயங்காலம் கிளம்பும்போது சங்கத்துக் கடைக்குப் போய் இரண்டு போர்வை வாங்கினோம். பெரியவர் சொல்லி அனுப்பியபடி கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். தொட்டுப் பார்த்துக் கைத்தறியையும் விசைத்தறியையும் பிரிப்பது நம்மைப் போன்றவர்களால் எளிதில் முடியாது. முத்திரையைப் பார்ப்பது ஒன்றே வழி.

சென்னிமலைக்கு வருகிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள். மலை இறங்கியதும் நேராக பஸ்ஸுக்குப் போகாமல் ஒரு தெரு உள்ளே நடந்து பாருங்கள். தறிச் சத்தம் கேட்கிற வீட்டில் தார் தீரும் வரை நின்று, பிறகு பேசுங்கள். முத்திரை இல்லாத போர்வையைக் கைத்தறி என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கைத்தறித் துறைக்கும் ஒரு வேண்டுகோள். தார் சுற்றுவதற்கும் பாவு பிணைப்பதற்கும் இவ்வளவு என்று கூலியைத் தனியாகப் பிரித்து, அதைச் செய்கிறவரின் பெயரில், அவருடைய வங்கிக் கணக்கில் போடுங்கள். அந்த வீட்டுக் கூலிப் புத்தகத்தில் இரண்டாவது பெயர் எழுத இடம் இருக்கிறது. நான் பார்த்தேன்.