கை கழுவிவிட்டு வா

பேரன் ஆன்லைனில் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வரவழைத்திருக்கிறான். வட்டத் தட்டு, உட்புறம் ஒரு பக்கமாகப் படிப்படியாக வரி. தங்கம் அரிக்கிற தட்டாம். பெட்டியைப் பிரித்த சூட்டோடு இனயம் கரைக்கு ஓடியவன், அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். உள்ளங்கையில் ஈர மணல். நடுவே மஞ்சளாக ஏதோ மினுங்கியது.

"பாட்டா, இதப் பாருங்க!"

கையைப் பிடித்துத் திண்ணை நிழலுக்குள் இழுத்தேன். மினுக்கம் செத்துப்போனது. "காக்காப்பொன் மக்கா," என்றேன். வெயில் இருந்தால்தான் அதற்குப் பளபளப்பு. தங்கத்துக்கு நிழலிலும் அதே மஞ்சள்தான். பயல் முகம் வாடியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. ஒரு தீப்பெட்டி நிறையக் காக்காப்பொன்னைச் சேர்த்துக்கொண்டு, இருபத்தாறு வயதில், பெண் பார்க்கத் தொடங்கியிருந்த வயதில், ஆற்றங்கரையில் நின்றவன் நான்.

1984. எங்கள் ஊர்க்காரர்கள் பலரைப் போல நானும் கேரளத்துப் பேப்பூரில் தங்கிப் போட்டில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாசி மாதம் எஞ்சின் மக்கர் செய்தது. சாமான் வர ஒரு வாரம் ஆகும் என்றார் மெக்கானிக். சாயாக்கடையில் சும்மா இருக்கையில், போட்டு கட்டிக் கிடக்கிற இந்தச் சாலியாற்றின் மேல்பக்கம், நிலம்பூரில், பொன் அரிக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் மீன் செதில் கழுவுகிற ஆற்றில் பொன்னா! பவுன் 1,500 ரூபாய்க்குச் சற்று மேலே விற்ற காலம். தங்கை கல்யாணத்துக்கு ஐந்து பவுன் குறைந்தது. ஒரு நாளைக்கு ஒரு பவுன், இரண்டு நாள் ஓய்வு என்று பஸ்ஸில் போகும்போதே கணக்கை முடித்துவிட்டேன்.

பேராசையில் நான் முதல் ஆளும் இல்லை. அந்தப் பொன்னின் தாய்வீடு மேலே கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கத்து மலைகள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரௌ ஸ்மித் என்பவர் 1880இல் அங்கே தங்கம் இருப்பதாக அடித்துச் சொல்ல, லண்டனில் டஜன் கணக்கில் கம்பெனிகள் முளைத்தன. இரண்டு மூன்று வருடத்தில் அத்தனையும் மண்ணைக் கவ்வின. படித்த துரைமாருக்கே அந்தக் கதி.

நான் நிலம்பூர் போய்ச் சேர்ந்தபோது, புன்னப்புழை ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நாலைந்து பெண்கள் குனிந்து நின்றார்கள். கையில் மரவி, அதாவது ஒற்றைக் கட்டையில் குடைந்த தட்டு. அதில் மூத்த அம்மா ஒருவர் என்னிடம் பழைய மரவி ஒன்றைக் கொடுத்து, பாறைக்குப் பின்னால் தண்ணீர் வேகம் குறைகிற இடத்தில் மண் எடுக்கச் சொன்னார். மண்ணை வழித்துப்போட்டு, தண்ணீருக்கடியில் பிசைந்து, கல்லைப் பொறுக்கி எறிந்து, பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். கனமானது அடியில் இறங்கும். தட்டைச் சரித்தால் மேல்மண்ணைத் தண்ணீர் கொண்டுபோகும். தங்கம் தண்ணீரைப் போல 19 மடங்கு கனம், ஆற்று மணல் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடலாமே என்றுதான் தோன்றும்.

ஆனால் கடைசியில் ஒரு கரண்டி கரிய மண் மிஞ்சுகிறதே, அங்கேதான் விவகாரம். இரும்புத் தாது கலந்த அந்த மண்ணும் கனம். பொன்னோ மாவுத்தூள். எனக்கோ கரமடி வலை இழுத்துப் பழகிய கை. முதல் ஆட்டு எப்படியோ கடைசி ஆட்டும் அப்படியே. ஒரு உலுக்கு உலுக்கிக் கவிழ்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அடுத்த மண்ணை அள்ளுவேன். போதாததற்கு எனக்குக் கீழே இரண்டடி தள்ளி அந்த அம்மா வந்து நின்றுகொண்டார். என் இடத்தில் பங்குக்கு வருகிறாரே என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் தற்செயலாக என் மரவியைக் குனிந்து பார்த்தவர், சிரித்தார். தண்ணீரின் மேல் ஊசிமுனை அளவில் மூன்று மஞ்சள் புள்ளிகள் மிதந்துகொண்டிருந்தன. 19 மடங்கு கனமானது மிதக்கிறது! தூள் மிக நுணுக்கமாக இருந்து, எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துவிட்டால், தண்ணீர் அதை உள்ளே விடாது, மேல்தோலிலேயே தாங்கிக்கொள்ளும். என் கையை எடுத்து முகர்ந்து பார்த்தார். எஞ்சின் கிரீஸ், நெய்ச்சாளை எண்ணெய், தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய். சகலமும் இருந்திருக்கும்.

"கை கழுகியிட்டு வா மோனே."

துணி துவைக்கிற சோப்பும் சாம்பலும் போட்டு முழங்கைவரை தேய்த்தேன். மரவியையும் தேய்த்தேன். பிறகு அந்தக் கரிய மண்ணில் ஒரு கை தண்ணீர் மட்டும் விட்டு, தட்டை ஆட்டாமல், விரலால் ஓரத்தைத் தட்டச் சொன்னார். மெல்ல, குழந்தை முதுகைத் தட்டுகிற மாதிரி. கருமண் நகர நகர, பின்னால் மஞ்சள் கோடு ஒன்று தங்கியது. புருவ மயிர் அளவுக்குத்தான் இருந்தது. அதைப் பார்க்கிற வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மடியிலிருந்து ஊசிமருந்துக் குப்பி ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். அடியில் தண்ணீரோடு கொஞ்சம் தூள். "இது நின்றெ மண்ணு," என்றார். மூன்று நாளும் நான் கவிழ்த்ததைக் கீழே நின்று ஏந்தி, தன் வேலை போக மிச்ச நேரத்தில் அரித்துச் சேர்த்திருக்கிறார். எனக்கு நாக்கு எழவில்லை.

தன் பங்குத் தூளை அவர் பாதரசம் விட்டு உருட்டி, துணியில் பிழிந்து, அடுப்பில் காட்டினார். நான் பக்கத்தில் குந்தி வாயைப் பிளந்து பார்த்தேன். அந்தப் புகை எப்படிப்பட்ட விஷம் என்பதும், பாதரசம் கலந்த மீனைத் தின்று ஜப்பானில் மினமாட்டா மக்கள் பட்ட பாடும் பிற்பாடு படித்துத்தான் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

வாரம் முடிந்து எடை போட்டால், ஒரு குன்றிமணிக்குக் காணவில்லை. தங்கை கல்யாணம் வட்டிக்கு வாங்கிய பணத்தில் நடந்தது.

ஊருக்கு வந்த பிறகுதான் எங்கள் கரையையே நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஆனி ஆடிக் கடல் அடித்து ஓய்ந்தால் மணலில் கரும்பட்டை விழுந்து கிடக்கும். சிறு வயதில் அழுக்கு என்று நினைத்து மிதித்துப் போனது. அலை ஏறும்போது எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வருகிறது, இறங்கும்போது கனமில்லாத வெள்ளை மணலை மட்டும் இழுத்துப் போகிறது. இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் எல்லாம் கரையில் தங்கிவிடுகின்றன. கடல் ராப்பகலாக மரவி ஆட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு அவசரமே இல்லை. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மண்ணில்தான் மோனசைட்டைக் கண்டுபிடித்தாராம். குளச்சலுக்குக் கிழக்கே மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது அந்த மண்ணால்தான். கயிற்றைத் தட்டி உதறிப்போட்டவர்கள் எத்தனை பேரோ! நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

குப்பியை நான் விற்கவில்லை. அலமாரியில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை எடுத்துப் பேரன் கையில் வைத்தேன். குலுக்கினான். தூள் ஒரு நொடி சுழன்று, உடனே அடியில் போய் உட்கார்ந்தது.

"இவ்வளவுதானா பாட்டா?"

"இவ்வளவுதான்."

மறுபடி குலுக்கினான். பிறகு தன் தட்டை எடுத்துத் தடவிப் பார்த்தான். புதுப் பிளாஸ்டிக், அச்சிலிருந்து வந்த வழவழப்பு இன்னும் போகவில்லை. சோப்பு போட்டுத் தேய்க்கச் சொன்னேன். இப்போது பின்பக்கக் குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம். பாத்திரம் விளக்க வைத்திருந்த விம் கட்டியைக் காணோம் என்று அவன் பாட்டி அடுக்களையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறாள்.