கொன்றை தேடிய வைகறை

சித்திரை மாதத்து முதல் சோமவாரம். கிழக்கு வெளுக்கும் முன்னரே, பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகரைக் கோபுர வாயிலில் நின்று வணங்கிவிட்டு இரண்டு மிதிவண்டிகள் புறப்பட்டன. ஒன்றில் எழுபதை நெருங்கும் பெரியவர். மற்றொன்றில், பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய பேரன். சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் திருப்பத்தூர். அப்பரும் சம்பந்தரும் பாடிப் பரவிய திருத்தளிநாதர் அங்கே எழுந்தருளியிருக்கிறார். தலமரம் கொன்றை.

இலைகளை உதிர்த்துவிட்டு இளவேனிலில் பொற்சரங்களாய்ப் பூத்துத் தொங்குவது சரக்கொன்றை. சிவபெருமான் விரும்பிச் சூடும் மலராயினும் பூக்கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. பறித்த சிறிது நேரத்தில் வாடத் தொடங்கிவிடும். கொன்றை சார்த்த விரும்புவோர் விடியலில் தாமே மரத்தை நாடிச் செல்ல வேண்டும். பெரியவரின் துணைவியார் ஆண்டுதோறும் அவ்வாறே செய்துவந்தார். கணவர் வண்டியை மிதிக்க, பூக்குடலையை மடியில் வைத்துப் பின்னால் அமர்ந்து வருவார். அந்த அம்மையார் இறைவனடி சேர்ந்தபின் வந்த முதற் சித்திரை இது. இம்முறை குடலை பெரியவரின் வண்டியில் தனியே தொங்கிற்று.

வேப்பம்பூ மணம் காற்றில் கலந்திருந்தது. புங்க மரங்களின் அடியில் வெண்பூக்கள் பொரி இறைத்தாற்போல் கிடந்தன. வழக்கமாகப் பூப்பறிக்கும் திருப்பம் வந்ததும் பெரியவர் வண்டியை நிறுத்தினார். மரம் இல்லை. சாலையை அகலப்படுத்த வெட்டியிருந்தார்கள். அடிக்கட்டை மட்டுமே எஞ்சியிருந்தது.

“ஐயா, கோயில் வாசலில் மாலை வாங்கிப் போடலாமே?”

“அப்பத்தா ஒரு வருடமும் வாங்கிப் போட்டதில்லையடா” என்றார் பெரியவர். வண்டிகள் நகர்ந்தன.

ஊரை நெருங்கும் வேளையில், ஒரு தோட்டத்து வேலியோரம் மஞ்சள் ஒளிர்ந்தது. பேரன் ஓடிச்சென்று கிளையை வளைத்தான்.

“ஒடிக்காதேப்பா. தோட்டத்தாரைக் கேட்போம். எட்டுகின்ற சரங்களில் இரண்டு போதும், மற்றவை தேனீக்களுக்கு.”

தோட்டத்து மூதாட்டி காரணம் கேட்டறிந்து, தம் கையாலேயே மூன்றாவது சரத்தையும் பறித்துக் குடலையில் இட்டார்.

அன்னை சிவகாமி காண இறைவன் கௌரி தாண்டவம் ஆடியருளிய தலம் அது. குருக்கள் கொன்றையைச் சார்த்தித் தீபம் காட்டியபோது, பெரியவரின் கண்கள் நிறைந்தன. யோக பைரவரையும் வணங்கிவிட்டு இருவரும் திரும்பினார்கள்.

அடிக்கட்டை இருந்த திருப்பத்தில் இம்முறை பேரன்தான் வண்டியை நிறுத்தினான். சருகுகளிடையே முழ நீளத்தில் கரிய கொன்றைக் காய்கள் கிடந்தன.

“இவற்றை விதைத்தால் முளைக்குமா ஐயா?”

“விதையின் தோல் கெட்டியானது. கல்லில் தேய்த்து, நீரில் ஊறவைத்து ஊன்ற வேண்டும்.”

“எப்போது பூக்கும்?”

“பல ஆண்டுகள் ஆகும். நீ சம்பாதிக்கத் தொடங்கும் காலத்தில் பூக்கலாம். பூத்தால், சித்திரை முதல் சோமவாரத்தில் நீ பறித்துக்கொண்டு வா.”

வெறுமையாய்த் திரும்ப வேண்டிய பூக்குடலை அன்று காய்களால் நிறைந்தது. பேரன் அதைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டான்.