பெல்ட் மாற்றியாகிவிட்டதா?

டூரின், இத்தாலி



இந்த ஊரில் பழைய கார் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால், என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை. "பெல்ட் மாற்றியாகிவிட்டதா?" என்றுதான் கேட்கிறார்கள். காய்கறிக்காரர் கேட்கிறார், மாடிவீட்டுப் பாட்டியும் கேட்கிறார். 1899-இல் ஃபியட் பிறந்த ஊர் அல்லவா? லிங்கோத்தோ ஆலையிலோ மிராஃபியோரி ஆலையிலோ வேலை பார்த்த ஒரு தாத்தாவை எந்தக் குடும்பத்திலும் தேடி எடுத்துவிடலாம். கார் விஷயத்தில் புத்தி சொல்வது இங்கே பரம்பரைப் பாத்தியதை.

நான் வாங்கியது 2009-ஆம் ஆண்டுப் பாண்டா, 1.2 பெட்ரோல். இத்தாலியக் கார் என்று ஊருக்குப் போன் போட்டுப் பெருமையடித்தாலும், அந்தத் தலைமுறைப் பாண்டாவைப் போலந்தின் டிஹி நகரில்தான் செய்தார்கள். எஞ்சினின் வம்சம் மட்டும் அசல் இத்தாலி. 1985-இல் தெர்மோலி ஆலையில் ரோபோக்களைக் கொண்டு பூட்டத் தொடங்கிய 'ஃபயர்' வரிசை. எட்டு வால்வு, சிக்கலில்லாத அமைப்பு. பானெட்டைத் திறந்தால் கை உள்ளே போக இடமிருக்கும்.

பாட்டி கேட்ட பெல்ட், கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் பிணைக்கும் டைமிங் பெல்ட். ரப்பர் என்பதால் ஓடினாலும் தேயும், ஓடாமல் நின்றாலும் காயும். கையேட்டில் 1,20,000 கிலோமீட்டர் என்று போட்டிருப்பதை மட்டும் படித்துவிட்டு, 'ஐம்பதாயிரம்தானே ஓடியிருக்கிறது' என்று நிம்மதியடைபவர்கள் வருடக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். ஐந்து வருடம் ஆகிவிட்டால் மாற்றிவிடுவதே மேல். என்னுடைய 60 குதிரைத்திறன் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுபோகும், அத்தோடு சரி. பின்னால் வந்த 69 குதிரைத்திறன் எஞ்சினில் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். செலவு வண்டியின் விலையை எட்டிப் பிடிக்கும். முன்னவர் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது என்பதால் இரண்டையும் ஒரே கூலியில் முடித்துவிடுவது வழக்கம்.

வாங்குமுன் செய்யக்கூடிய ஒரு காரியம் இங்கே சுலபம். நம் ஊர் எஃப்.சி. மாதிரி இங்கே 'ரெவிசியோனே' என்று ஒரு சோதனை. புதுக் காருக்கு நான்காம் ஆண்டில், அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை. அப்போது மீட்டரில் இருந்த கிலோமீட்டரைப் பதிந்துவைக்கிறார்கள். வண்டி எண்ணைக் கொடுத்தால் அரசின் இணையதளம் கடைசிக் கணக்கைக் காட்டிவிடும். மீட்டரைப் பின்னால் திருப்பும் கைவரிசை அங்கே அடிபடும். வியாபாரியிடம் வாங்கினால் குறைந்தது ஒரு வருடச் சட்டப்பூர்வ உத்தரவாதம் உண்டு. தனியாரிடம் வாங்கினால் கடவுள்தான் உத்தரவாதம்.

இனி ஸ்டியரிங் கதை. இந்தக் காரின் பவர் ஸ்டியரிங்கில் எண்ணெய் கிடையாது, மின்மோட்டார்தான். குளிர்காலத்து ஒரு காலை, பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுக்கிறேன், சிவப்பு விளக்கு எரிகிறது, ஸ்டியரிங் அம்மிக்கல்லாகக் கனக்கிறது. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே கூத்து. ஒரு பட்டறையில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங் தண்டையே மோட்டாரோடு மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய பாண்டாவுக்கு முன்பணம் கொடுத்திருக்கலாம்.

இத்தாலியில் கார் வைத்தியம் பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. எஞ்சினுக்கு மெக்கானிக்கோ, மின்சாரத்துக்கு எலெத்ராவுத்தோ, டயருக்கு கொம்மிஸ்தா, தகரத்துக்கும் பெயின்ட்டுக்கும் கரோத்சியேரே. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதை நான்கு தனித் தொழிலாகவே எழுதிவைத்தது. 2012-இல் முதல் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். ஆனாலும் வயதான எலெத்ராவுத்தோக்கள் தங்கள் பலகையை எளிதில் இறக்குவதில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் அப்படி ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன்.

அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரை எடுத்தார். அணைத்த நிலையில் பேட்டரி 12.6 வோல்ட், நல்ல பேட்டரி. ஓடும்போது 14-ஐ ஒட்டி, அதுவும் சரி. பிறகு ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் மேலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். இரண்டுமே எர்த் என்பதால் அங்கே ஏறக்குறைய ஒன்றும் காட்டக்கூடாது. அரை வோல்ட் காட்டினாலே சந்தேகம். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. ஜாக்கி வைத்து ஏற்றி, கியர்பாக்ஸையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையைக் காட்டினார். பனிக்குச் சாலையில் தூவும் உப்பு பல குளிர்காலமாக அரித்து, பச்சை பூத்துப்போய், ஒரு சில இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆல்டர்னேட்டரின் மின்சாரம் முழுக்க அந்த இழைகள் வழியாகத்தான் சுற்றி வர வேண்டும். நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பும்போது ஸ்டியரிங் மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் சரிந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள மோட்டாரை நிறுத்திவிட்டு விளக்கைப் போடுகிறது. புதுப் பட்டைக்குச் சில யூரோ. போல்ட் உட்காரும் இடத்தை உலோகம் மின்னும்வரை சுரண்டி, மேலே கிரீஸ் தடவிவிட்டார்.

இத்தாலியக் கார் என்றாலே கரண்ட் கோளாறு என்ற பேச்சில் பாதி இப்படிப்பட்ட பட்டைகளிலும் டெர்மினல்களிலும்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். வண்டிகள் மலிவு, மூன்றாவது, நான்காவது கைக்கு வருவதற்குள் யாரும் அடியில் குனிந்து பார்ப்பதில்லை. விளக்கு எந்தப் பாகத்தைக் குற்றம் சொன்னாலும், பேட்டரியையும் எர்த்தையும் அளக்காமல் அந்தப் பாகத்தை மாற்ற நான் சம்மதிப்பதாக இல்லை. கம்ப்யூட்டரும் வேண்டியதுதான். ஃபியட் குடும்பத்துக்கென்றே மல்டிஇசியுஸ்கேன் என்ற மென்பொருள் இருக்கிறது, மலிவான கேபிளோடு மடிக்கணினியில் ஓடும். ஆனால் அது சொல்வது புகார் மட்டுமே, தீர்ப்பு அல்ல.

கோவை வாசகர் ஒருவர், பழைய ஃபியட் லினியா டீசல் விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். எஞ்சினுக்குப் பயப்பட வேண்டாம். அதே 1.3 மல்டிஜெட் குடும்பம்தான் ஸ்விஃப்ட் டீசலிலும் டாட்டா விஸ்டாவிலும் ஓடியது; நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அது கைப்பழக்கம். அதில் பெல்ட் இல்லை, செயின். ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டிருந்தால் செயின் தளர்ந்து, ஆறிய எஞ்சினை முதலில் ஸ்டார்ட் செய்யும்போது கடகடக்கும். ஆகவே காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு நீங்கள் அங்கே நிற்க வேண்டும். விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். உண்மையான தொல்லை பாடி பாகங்களில். இந்தியாவில் ஃபியட் கார் விற்பனை நின்றுபோய்ச் சில வருடமாகிவிட்டது. ஹெட்லைட், பம்பர், கதவுக் கைப்பிடி இந்த மூன்றும் உக்கடத்துப் பழைய பாகக் கடைகளில் கிடைக்குமா, எத்தனை நாளாகும் என்று விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.