ஹெட் மேல பழி போடாதீங்க!

பெரிய சைஸ் இங்க்ஜெட் பிரிண்டர் கோடு கோடாக அடிக்க ஆரம்பித்தால், பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை, "ஹெட் போச்சு!" அடுத்த வேலை ஹெட் க்ளீனிங். ஒரு முறை, இரண்டு முறை, பத்து முறை... கடைசியில் ஹெட் சரியாகிறதோ இல்லையோ, கார்ட்ரிட்ஜ் காலி.

விசாரணையே இல்லாமல் தண்டனை கொடுப்பது மாதிரிதான் இது. பழைய மெஷின் என்றால் இந்த அவசரம் அதைப் பழைய இரும்புக் கடைக்கே அனுப்பிவிடும். சிவகாசியில் ஒரு மெஷின் அப்படிப் போக இருந்தது. 2012, ஆடி மாதம்.

சிவகாசிக்காரர்களுக்கு ஆடி என்றால் காலண்டர். ஆடிப் பதினெட்டு அன்று புது வருஷ காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டு ஆர்டர் எடுக்க ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் டிசைன்கள் தயாராக வேண்டும். ஆஃப்செட்டில் ஓட்டுவதற்கு முன் கலர் எப்படி வரும் என்று பார்க்க, இங்க்ஜெட்டில் ஒரு ப்ரூஃப் அடிப்பது வழக்கம். அந்தச் சின்னக் கடையின் பிழைப்பே இந்த ப்ரூஃப்தான். இருந்ததோ ஒரே மெஷின். 2002ல் வந்த எப்சன் ஸ்டைலஸ் ப்ரோ 7600. 24 இஞ்ச் அகலம், ஏழு கலர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஹெட்.

பிரச்சினை மெஜந்தாவில். லட்சுமி படம் அடித்தால் தலைப்பக்கம் பிரமாதமாக வரும். கீழே வர வர சிவப்புப் புடவை ஆரஞ்சாகி, பிறகு மஞ்சளாகிவிடும். க்ளீனிங் போட்டால் நாசில் செக் முழுசாக வரும். மறுபடி படம் அடித்தால் மறுபடி மஞ்சள் புடவை.

வந்து பார்த்த மெக்கானிக் ஒரு காரணம் சொன்னார். அது சும்மா சொன்ன காரணமும் இல்லை. 2012ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஹெட் தன் மூடிக்குத் திரும்பாமல் பேப்பர் மேலேயே நின்றுவிடும். திறந்து கிடக்கும் நாசிலில் மை காய்ந்துவிடும். "அதான் அண்ணாச்சி, ஹெட் காஞ்சு போச்சு. மாத்தணும். மாத்துற காசுக்கு வேற மெஷினே பாத்துக்கலாம்."

அண்ணாச்சிக்கு முகம் வாடிவிட்டது. "தம்பி, இன்னும் ஒரு தடவ பவர் க்ளீன் போட்டுப் பாரு" என்றார் ஆபரேட்டரிடம். ஏற்கெனவே மூன்று போட்டாயிற்று. பவர் க்ளீனில் பம்ப் இழுக்கும்போது மெஜந்தா மட்டும் போவதில்லை, மற்ற ஆறு கலரும் சேர்ந்தே வேஸ்ட் டேங்க்குக்குப் போகிறது. "வேண்டாம் அண்ணாச்சி, ஒரு மணி நேரம் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார் ஆபரேட்டர்.

அவர் என்ன யோசித்தார் என்பது புரிய வேண்டுமானால், மை போகும் வழி தெரிய வேண்டும். கார்ட்ரிட்ஜிலிருந்து கிளம்பும் மை நீளமான மெல்லிய ட்யூப் வழியாக வந்து டேம்பருக்குள் போகிறது. டேம்பர் என்பது ஹெட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே நுண்ணிய சல்லடை ஒன்று உண்டு. ஹெட் ஓடும் வேகத்தில் மை குலுங்காமலும், தூசி துரும்பு ஹெட்டுக்குள் போகாமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதைத் தாண்டித்தான் ஹெட். வேலை முடிந்து ஹெட் ஓய்வெடுக்கும் இடம் கேப். கேப்புக்குக் கீழே பம்ப். க்ளீனிங் என்றால், கேப்பை ஹெட்டோடு ஒட்டவைத்துப் பம்ப் மையை உறிஞ்சுவதுதான்.

இந்த வழியில் எந்த இடத்தில் அடைத்தாலும் பேப்பரில் தெரிவது ஒன்றுதான்: மை வரவில்லை. ஆனால் 'எப்படி' வரவில்லை என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

நாசில் காய்ந்து அடைத்திருந்தால், நாசில் செக்கில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே கோடு விடுபடும். இடைவெளி இடம் மாறி மாறி வந்தால், பெரும்பாலும் உள்ளே காற்று. க்ளீனிங் போட்டதும் எல்லாக் கலரும் இன்னும் மோசமானால் கேப் ஒட்டவில்லை, அல்லது பம்ப் இழுக்கவில்லை. ஒரு கலரின் கட்டத்தில் இன்னொரு கலர் கலந்து வந்தால் கேப்பையும் வைப்பரையும் துடைக்க வேண்டும். நாசில் செக் முழுசாக வந்து, பெரிய படம் அடிக்கும்போது மட்டும் ஒரு கலர் மெல்ல மெல்ல வெளுத்தால்? நாசில் திறந்துதான் இருக்கிறது, அதற்குத் தேவையான மை பின்னாலிருந்து வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

நாசில் செக்குக்குச் செலவாகும் மை துளியூண்டு. டேம்பரில் மிச்சம் இருப்பதே போதும். அதனால்தான் அது ஏமாற்றும். இதைச் சோதிக்க ஆபரேட்டர் பேப்பரின் முழு அகலத்துக்கும் நூறு சதவீத மெஜந்தாவில் ஒரு பட்டை அடித்தார். ஆரம்பத்தில் அடர்த்தி, போகப் போக வெளுப்பு. பத்து நிமிஷம் மெஷினைச் சும்மா விட்டார். எந்த க்ளீனிங்கும் போடாமல் மறுபடி அதே பட்டை. மறுபடி ஆரம்பத்தில் அடர்த்தி, பிறகு வெளுப்பு!

காய்ந்த நாசில் பத்து நிமிஷ ஓய்வில் தானாகத் திறக்காது. ஆனால் பாதி அடைத்த டேம்பர் பத்து நிமிஷத்தில் மெதுவாக நிரம்பிவிடும். மெக்கானிக் சொன்ன காரணம் அங்கேயே அடிபட்டுப் போனது.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதன் பின் ஒரு பட்டை. கேப்பில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி பம்ப்பை ஓடவிட்டார். தண்ணீர் இறங்கிவிட்டது, பம்ப் சரி. வேறு மெஜந்தா கார்ட்ரிட்ஜ் போட்டார். மாற்றமில்லை. ட்யூபில் மடிப்போ காற்றுக் குமிழியோ இல்லை. கடைசியாக டேம்பரைக் கழற்றி, ட்யூப் முனையில் சிரிஞ்சை வைத்து மெல்ல இழுத்தார். மை தாராளமாக வந்தது. டேம்பரைத் திரும்ப ட்யூபில் மாட்டி அதன் வாயில் சிரிஞ்சை வைத்து இழுத்தார். சொட்டுக்கூடச் சரியாக வரவில்லை.

இந்த மெஷினில் ஊற்றுவது பிக்மென்ட் மை. திரவத்தில் மிதக்கும் மிக நுண்ணிய நிறத்துகள்தான் பிக்மென்ட். நாளானால் அது கொஞ்சம் கொஞ்சமாக அடியில் தங்கும். பத்து வருஷம் மாற்றாத சல்லடையில் அது படிந்ததில் ஆச்சரியம் என்ன? புது டேம்பர் வாங்கி மாட்டி, குமிழி போகும்வரை சிரிஞ்சால் மெதுவாக மையை நிரப்பினார்கள். பட்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே அடர்த்தி. லட்சுமிக்குச் சிவப்புப் புடவை திரும்பியது. மற்ற ஆறு டேம்பரையும் சேர்த்தே மாற்றினார்கள். வேஸ்ட் டேங்க்கில் கொட்டிய மைக்குக் கொடுத்த காசு, அந்த மெஜந்தா டேம்பரின் விலையை விட அதிகம்.

ஹெட்டை மாற்றுவது எல்லா மெஷினிலும் பெரிய விஷயம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹெச்பி டிசைன்ஜெட் 500 போன்றவற்றில் மையைச் சூடாக்கி, குமிழி உண்டாக்கித் தள்ளுகிறார்கள். அங்கே ஒவ்வொரு கலருக்கும் தனி ஹெட், அதை நாமே கழற்றி மாட்டலாம். எப்சனில் இருப்பது பீசோ. மின்சாரம் பட்டால் வடிவம் மாறும் பொருள், மையை அழுத்தித் தள்ளுகிறது. 1880ல் க்யூரி சகோதரர்கள் கண்டுபிடித்த பீசோ எலக்ட்ரிக் விளைவின் மறுபக்கம்தான் இது. சூடு இல்லை, அதனால் ஆயுள் அதிகம். ஆனால் ஹெட் மெஷினோடு சேர்ந்தது, விலையும் அதிகம். சிரிஞ்சை வைத்து வேகமாக அழுத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்து, நல்ல ஹெட்டும் நிஜமாகவே போய்விடும்.

மின்வெட்டைப் பற்றி மெக்கானிக் சொன்னதும் பொய் இல்லை. அந்த ஆபத்து உண்மைதான், அந்த மெஷினுக்கு ஒரு யுபிஎஸ் தேவைதான். இந்தக் கோளாறுக்கு அது காரணம் இல்லை, அவ்வளவே.

உங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பழைய மெஷின் இருந்தால், மூன்றாவது க்ளீனிங்குக்கு முன் நிறுத்துங்கள். நாசில் செக் அடித்த தாள்களைத் தூக்கிப் போடாமல் தேதி எழுதி வரிசையாக வைத்துப் பாருங்கள். என்றாவது ஒருநாள் ஹெட் நிஜமாகவே போகும். அன்று ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் அதே கோடு விடுபட்டிருக்கும். அப்போது ஹெட்டைக் குறை சொல்லுங்கள், தப்பில்லை.